சின்னத் திருட்டு என்று எழுதாமல் விடாதீர்கள்

மலையக நகரங்களின் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகளுக்கும், நகர சபை, பிரதேச சபைத் தலைவர்களுக்கும், எங்களைப் போலவே கடை திறந்து உட்கார்ந்திருக்கும் சக வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

மாதம் 10ஆம் திகதி தேயிலைத் தோட்டத்தில் சம்பளம். 25ஆம் திகதி முற்பணம். அந்த இரண்டு நாளும், அதையடுத்து வரும் சனி, ஞாயிறும்தான் எங்கள் கடைவீதிகளுக்கு உயிர். பையில் பணத்தோடு மக்கள் டவுனுக்கு இறங்குகிற அதே நாட்களில்தான் பையை வெட்டுகிறவனும் இறங்குகிறான், கடைத் தட்டில் கைவைக்கிறவனும் நுழைகிறான். எது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் தடுக்கலாம், அதற்கு யார் என்ன செய்யவேண்டும் என்று ஒழுங்காக எழுதித் தரவே இந்த மடல்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போனது ஆயிரம் ரூபாச் சாமானாக இருந்தாலும் அதை முறைப்பாடாக எழுதிக்கொள்ளுங்கள். முறைப்பாடு செய்கிறவர் பேசும் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் அரை மணித்தியாலத்தில் கடைக்கோ வேலைக்கோ திரும்பிப் போகும்படி எழுதிக்கொள்ளுங்கள். ஏன் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பது போகப் போகத் தெரியும்.

பால்மாவில் தொடங்குவோம். 400 கிராம் பொதி ஆயிரம் ரூபாவை ஒட்டிய விலை. கைக்கு அடக்கம், எந்த வீட்டுக்கும் தேவை, வேறொரு கடையில் முக்கால் விலைக்கு நீட்டினால் கேள்வி கேட்காமல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருடுகிறவனுக்கு இதைவிட வசதியான சாமான் கிடையாது. 1,000 ரூபாவுக்கு விற்கும் பொதியில் கடைக்காரருக்கு 40 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 960 ரூபாவுக்கு எடுத்த ஒரு பொதி காணாமற் போனால், அந்த நட்டத்தை மூட இன்னும் 24 பொதி விற்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பொதி விற்கிற சின்னக் கடைக்கு அது நாலு நாள் வியாபாரம். டின் மீன், சவர பிளேட், பற்றரி, சம்போ, தேங்காய் எண்ணெய்ப் போத்தல், கைப்பேசி சார்ஜர் எல்லாமே இதே கணக்குத்தான்: சின்னது, விலை கூடியது, உடனே காசாகக்கூடியது. பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் இவ்வளவு தொலையும் என்று கணக்குப் பார்த்து விலையிலேயே சேர்த்துவிட முடியும். கடைவீதிப் பலசரக்குக் கடையால் முடியாது. பக்கத்துக் கடையில் ஐந்து ரூபா குறைவென்றால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள்.

மலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல்கள் சில உண்டு. அவற்றைச் சமவெளியில் இருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை விடாமல் கொட்டும். கடைக்குள் வருகிற எல்லோரும் மழைக்கோட்டோடும் குடையோடும்தான் வருவார்கள். மடித்த குடையை முழங்கையில் தொங்கவிட்டு, வாய்ப்பக்கம் மேலே பார்க்கிறபடி தட்டோரம் நின்றால், சவர்க்காரக் கட்டியோ பிளேட் பெட்டியோ அதற்குள் விழ ஒரு நொடி போதும். வாசலில் ஒரு வாளி வைத்து, குடையை அதில் போடச் சொன்னால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். தரையும் நனையாது, யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது. இரண்டு பேராக வருகிறவர்களின் வழி வேறு. ஒருவர் பின் அறையில் இருக்கும் சாமானைக் கேட்பார், பெரும்பாலும் 10 கிலோ அரிசியோ கோதுமை மாவோ. கடையில் ஒரே ஆள் என்றால் அவர் உள்ளே போய் வரும் அந்த அரை நிமிடம்தான் மற்றவருக்குத் தேவை. தனியாகக் கடை பார்க்கிறவர் பாரமான சாமானில் இரண்டு மூன்றையாவது காலையிலேயே முன்னுக்கு எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.

அதே மழைதான் இரவிலும் திருடனுக்குத் துணை. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பக்கத்து வீட்டில் ஆணி பிடுங்கினாலும் காது கேட்காது. எங்கள் கடைகள் சரிவில் கட்டியவை. முன்பக்கம் கடைவீதியில் இருக்கும், பின்பக்கம் மண்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். பல இடங்களில் மேல் வீதியில் இருந்து ஒரு எட்டு வைத்தால் கூரைக்கு வந்துவிடலாம். ஆகவே முன் ஷட்டருக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் கள்ளன் மேலால்தான் இறங்குகிறான். தகரத்தின் இரண்டு கொக்கி ஆணியைத் தளர்த்தி, சீட்டை ஒரு பக்கம் உயர்த்தி, ஒல்லியான ஒருவனை உள்ளே விடுவது பத்து நிமிட வேலை. கைமரத்துக்குக் கீழே இரண்டு அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் கம்பிவலையை அடித்துவிட்டால் தகரத்தைக் கழற்றியவனும் உள்ளே இறங்க முடியாது. முழுக் கூரைக்கும் அடிக்க வசதி இல்லாதவர்கள், மேட்டுப் பக்கத்தில் முதல் ஆறு அடிக்காவது அடியுங்கள்.

பழைய கடைவீதிகளில் இன்னும் பலகைக் கதவுகள் இருக்கின்றன. இலக்கம் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகத் தவாளிப்பில் இறக்கி, குறுக்கே இரும்புப் பட்டம் போட்டுப் பூட்டுவது. பலகை நல்ல முதிரை, உடையாது. உடைவது பூட்டு மாட்டும் கொண்டி. அதை வெளியில் இருந்து திருகாணியால் பிடித்திருப்பார்கள். அலவாங்கு நுனியை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் திருகாணி மரத்தோடு கழன்று வரும். பூட்டு அப்படியே பூட்டியபடி தொங்கும். திருகாணிக்குப் பதிலாக ஊடு போல்ட்டைப் போட்டு, சுரையை உள்பக்கம் இறுக்குங்கள். ஐயாயிரம் ரூபாப் பூட்டு வாங்குவதைவிட நாலு போல்ட் மேல்.

இரவில் காசு லாச்சியை வெறுமையாக்கி, திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள். பூட்டிய லாச்சி என்றால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் உடைப்பான்.

இனி, களவு என்று சொல்லாமல் நடக்கும் களவு. மாலை ஆறு மணி, பனிமூட்டம், கடையில் நாலு பேர். ஒருவர் 180 ரூபாச் சாமானுக்கு 5,000 ரூபாத் தாளைத் தருகிறார். நீங்கள் 4,820 ரூபாவை எண்ணி மேசையில் வைக்கிறீர்கள். “பொறுங்க தம்பி, என்கிட்டயே சில்லறை இருக்கு, அந்தத் தாளைத் தாங்க” என்கிறார். தாளைக் கொடுக்கிறீர்கள். இருநூறு ரூபாவை நீட்டுகிறார். இடையில் இன்னொருவர் சீனி விலை கேட்கிறார். மேசையில் இருந்த மிச்சக் காசு இப்போது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கே நிச்சயமில்லை. இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு கொடுக்கல் வாங்கல் முடியும்வரை வாங்கிய தாள் லாச்சிக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். மனம் மாறினால், வைத்த மிச்சக் காசு முழுவதையும் திரும்ப எடுத்து லாச்சியில் போட்டுவிட்டு, முதலில் இருந்து தொடங்குங்கள். அவசரப்படுத்துகிறவர் என்றால் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

கள்ளத் தாளுக்கும் அந்த நேரமே பொருத்தம். 5,000 ரூபாத் தாளில் இருக்கும் பறவை எங்கள் மலையிலேயே வாழும் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெள்ளை இடத்தில் அதே குருவி நீர்க்குறியாகத் தெரியவேண்டும். தாளைச் சரித்தால் பாதுகாப்பு இழை நிறம் மாறவேண்டும். விரலால் தடவினால் அச்சு மேடு தட்டுப்படவேண்டும். இவை மூன்றுக்கும் ஐந்து விநாடி போதும். ஊதா ஒளி டோர்ச் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கடதாசி அந்த ஒளியில் முழுவதும் நீலவெள்ளையாக மின்னும், நல்ல தாள் மங்கலாகவே இருக்கும். சந்தேகமான தாளை இன்னொருவர் தலையில் கட்டுவது குற்றம். பொலிஸிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது என்பதால்தான் பலர் கொடுப்பதில்லை. கொடுப்பவரை அரை நாள் விசாரிப்பதும் அதற்கு இன்னொரு காரணம். கொண்டுவந்து கொடுக்கிறவரைச் சாட்சியாக நடத்துங்கள், சந்தேகநபராக நடத்தாதீர்கள்.

கைப்பேசியில் ‘பணம் அனுப்பியாச்சு’ என்று படம் காட்டிவிட்டுச் சாமானோடு போகிறவர்களும் உண்டு. அவருடைய திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் கைப்பேசிக்கு வங்கியின் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். வராமல் சாமானைக் கொடுக்காதீர்கள்.

கடைக்கு வெளியில் நடப்பது வாங்க வருகிற மக்களுக்கு இன்னும் கொடியது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் மழையிலும் அட்டைக்கடியிலும் இருபது நாள் கொழுந்து பறித்தால் 27,000 ரூபா, பிடிமானம் போகக் கைக்கு வந்தது அதிலும் குறைவு. அப்படி உழைத்த சம்பளம் பஸ் மிதிபலகையில் ஒரு நிமிடத்தில் போகிறது. முறை எப்போதும் ஒன்றுதான். ஒருவன் ஏறுவதுபோல மிதிபலகையில் நின்று வழியை மறிப்பான். பின்னால் நெரிசல் சேரும். இரண்டாமவன் பையின் அடிப்பக்கத்தை பிளேட்டால் கீறுவான், அல்லது சேலைத் தலைப்பில் முடிந்த முடிச்சைக் கத்தரிப்பான். எடுத்தது உடனே மூன்றாமவன் கைக்கு மாறி, அவன் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவான். ஆகவே முதலாமவனைப் பிடித்துச் சோதித்தால் ஒன்றும் கிடைக்காது. சம்பள நாளில் சீருடை இல்லாத ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் பஸ்ஸுக்குள் நிற்பதைவிட, தரிப்பிடத்தில் ஐந்து மீற்றர் தள்ளி நின்று, ஏறாமல் திரும்பிப் போகிறவனைக் கவனித்தால் பயன் அதிகம்.

ஏ.டி.எம். வாசலில் நடப்பது வேறு மாதிரி. வயதானவர்களுக்கு இயந்திரத்தில் தமிழ் எழுத்து வந்தாலும் பொத்தானை அழுத்தப் பயம். பின்னால் நிற்கும் ‘நல்ல பிள்ளை’ உதவிக்கு வருவான். இரகசிய இலக்கத்தைக் கேட்டு அழுத்துவான், ‘காசு வரல்ல பாட்டி’ என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுப்பான். கொடுத்தது அதே நிறத்தில் உள்ள வேறு யாருடையதோ காலாவதியான அட்டை. அம்மா அதைப் பத்திரமாக முடிந்துகொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்விடுவார். அடுத்த மாதம் வரும்வரை தெரியாது. ஊழியர் சேமலாப நிதி பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். அந்தப் பணம் கணக்கில் விழுந்த நேரம் பார்த்து இது நடந்தால் ஒரு ஆயுள் உழைப்பே போய்விடுகிறது. வங்கி முகாமையாளர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: 10ஆம் திகதியும் 25ஆம் திகதியும் தமிழ் தெரிந்த ஒரு ஊழியரை இயந்திரத்தின் அருகில் நிறுத்துங்கள். அட்டையில் சொந்தக்காரரின் பெயருக்கு மேலே ஒரு சிறு நிறப் பொட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். அட்டை மாறினால் எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் உடனே தெரிந்துவிடும்.

இவற்றால் எங்கள் கடைகள் எப்படி மாறிவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பால்மா இப்போது பல கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. விலை பார்த்து, எடுத்து, வைத்து, யோசித்து வாங்குகிற சுதந்திரம் வாடிக்கையாளருக்கு இல்லை. வாசலிலேயே பையை வாங்கி வைக்கிறோம். அங்கே ஒரு அநியாயம் நடக்கிறது. கார்ச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வருகிறவரின் பையை யாரும் கேட்பதில்லை. கொழுந்துக் கறை படிந்த விரலோடு வருகிற பெண்ணின் பையைத்தான் கேட்கிறோம். எல்லோருடைய பையையும் வாங்கி வையுங்கள், அல்லது யாருடையதையும் வாங்காதீர்கள். வாங்கினால் இலக்கத் துண்டு கொடுங்கள். பெண்ணின் பையைப் பெண் ஊழியர்தான் பார்க்கவேண்டும், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும்.

கடன் கொப்பியும் மூடப்படுகிறது. மாத நடுவில் கையில் காசில்லாத குடும்பம், கொப்பியில் எழுதிச் சாமான் எடுத்து, சம்பளத்தன்று கட்டுவது இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. தட்டில் இருந்து சாமான் போகப் போக, கடன் கொடுக்கிற தெம்பு கடைக்காரருக்குக் குறைகிறது. பர்ஸைப் பறிகொடுத்த குடும்பம் அந்த மாதக் கடனைக் கட்ட முடியாமல் அந்தக் கடைப்பக்கமே வருவதை நிறுத்திக்கொள்கிறது. ஒரு திருட்டால் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறார்கள். எங்களுக்கு இதுதான் ஆக வலிக்கிறது.

இனி முறைப்பாட்டுக்கு வருகிறோம்.

3,000 ரூபாச் சாமான் போன ஒரு சின்னக் கடைக்காரர் பொலிஸுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும், ஆகவே போவதில்லை. கடையை மூடிவிட்டுப் போகவேண்டும். குற்றப் பிரிவு உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார், வரும்வரை வாங்கில் காத்திருக்கவேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் சொன்னால் சிங்களத்தில் எழுதப்படும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். திருடன் அகப்பட்டால் சாமான் வழக்குப் பொருளாக உள்ளே போகும். வழக்கு முடிவதற்குள் பால்மாவின் காலாவதித் திகதி முடிந்துவிடும். பிறகு தவணை, தவணை, தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கடை மூடவேண்டும். 3,000 ரூபாவுக்காக இருபதாயிரம் ரூபா வியாபாரத்தை யாரும் இழக்கமாட்டார்கள்.

முறைப்பாடு இல்லை என்றால் புள்ளிவிவரம் இல்லை. குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட திருட்டுகள்தான் பாரிய குற்றங்களின் பட்டியலில் ஏறுகின்றன, மற்றவை ஏறுவதில்லை. ஆகவே காகிதத்தில் எங்கள் ஊர் அமைதியான ஊர். அமைதியான ஊருக்கு மேலதிக ரோந்தும் இல்லை, மேலதிக ஆளும் இல்லை. சிறு திருட்டு பெருகுவது இந்த ஓட்டையால்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். எந்தக் கிழமை, எந்த மணி, எந்தத் தரிப்பிடம் என்று ஐம்பது சிறு முறைப்பாடுகளை ஒரு தாளில் குறித்துப் பார்த்தால், அதே மூன்று நாலு பேரும் அதே இரண்டு மூன்று இடங்களும்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

மொழி விஷயம் மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. ‘பையில் இருந்து எடுத்தான்’ என்று ஒரு பெண் சொன்னதை ‘பையைப் பறித்தான்’ என்று மொழிபெயர்த்து எழுதினால் குற்றமே மாறிவிடுகிறது. தண்டனைச் சட்டக் கோவையில் திருட்டுக்கு 367ஆம் பிரிவு, கொள்ளைக்கு 380ஆம் பிரிவு, தண்டனையிலும் பெரிய வித்தியாசம். நீதிமன்றத்தில் அந்தப் பெண் தான் சொன்னதைத் தமிழில் சரியாகச் சொல்வார். எழுதிய வாக்குமூலத்தோடு அது ஒத்துவராது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறென்ன வேண்டும்? தமிழில் அரச அலுவலகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால், அவருடைய கடமை நேரத்தைச் சம்பள நாட்களுக்கு ஒதுக்குங்கள். யாரும் இல்லை என்றால் முறைப்பாட்டாளர் தானே தமிழில் எழுதித் தரும் தாளை ஏற்று, இணைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஒரு பக்கப் படிவம் ஒன்றை முன்மொழிகிறோம். ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். திகதி, எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் இடையில், இடம், போன சாமானும் எண்ணிக்கையும் விலையும், பொதியில் உள்ள தொகுதி இலக்கம், எப்படிப் போனது, பார்த்தவர்கள் யார், சந்தேகநபரின் உயரம், உடை, போன திசை, ஏறிய வாகனத்தின் இலக்கம், கமெராப் பதிவு உண்டா, அது எந்தத் திகதிவரை அழியாமல் இருக்கும். கடைசியில் நிலைய முத்திரையும் முறைப்பாட்டு இலக்கமும் போட்டுக் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு. அந்தத் துண்டு மிக முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்கிறவருக்கு, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதினோம் என்று தேடவே ஒரு காலை போய்விடும்.

மீட்ட சாமானைப் பற்றி: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின்படி, கைப்பற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். அழியக்கூடிய உணவுச் சாமானைப் படம் எடுத்து, எண்ணிப் பட்டியலிட்டு, பிணையில் விடுவிக்கும்படி முதல் தவணையிலேயே பொலிஸ் கேட்டால் போதும். கேட்பதில்லை என்பதுதான் குறை.

சக வியாபாரிகளே, எங்கள் பக்கத்துத் தவறுகளும் உண்டு. ‘இந்தப் பால்மா உங்கள் கடையினது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. விலை ஸ்டிக்கரின் ஓரத்தில் கடைக்கென்று ஒரு அடையாளம் வையுங்கள். ஒரு எழுத்தும் வாங்கிய மாதமும் போதும். கொள்வனவு பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.

கமெரா பூட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் கவனிக்க: நாலு கமெரா, ஒரு டெராபைட் டிஸ்க் என்றால் இடைவிடாமல் பதியும்போது அமைப்பைப் பொறுத்து ஒரு வாரம், கூடினால் பன்னிரண்டு நாள். பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். திருட்டுத் தெரிந்த அன்றே அந்த அரை மணித்தியாலத்தைப் பென் டிரைவ் இரண்டில் எடுங்கள். ஒன்று பொலிஸுக்கு, ஒன்று உங்களிடம். வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கி முகம் கலங்கிவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். பதிவுக் கருவியின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அது எங்கேயோ போயிருக்கும். நேரம் பிழைத்த பதிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். கூரையடியில் பூட்டிய கமெராவில் தெரிவது தொப்பியும் மழைக்கோட்டுத் தலைமூடியும்தான். ஒன்றையாவது வாசலுக்கு உள்ளே, ஆறடி உயரத்தில், வெளியே போகிறவரின் முகம் நேரே விழும்படி வையுங்கள். பகலில் வாசல் வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும், ஆகவே வாசலின் உள்பக்கம் ஒரு விளக்கும் வேண்டும். வெளியில் பூட்டிய கமெரா பனிமூட்டத்தில் வெறும் வெள்ளைத் திரைதான் காட்டும். கமெராவின் சொந்த இரவு ஒளியே பனியில் பட்டுத் திரும்புவதால் அப்படி. வெளிப்பக்கம் தனியாக ஒரு விளக்கைத் தள்ளிப் பூட்டினால் ஓரளவு சரியாகும்.

திருட்டில் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன செய்யலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். கண்முன் திருடுகிறவரைப் பொதுமகன் ஒருவர் தடுத்து நிறுத்தலாம், தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்கவேண்டும், அவ்வளவுதான். 119க்கு அழையுங்கள். அடிப்பது, தூணில் கட்டுவது, அறையில் பூட்டுவது, படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவது எல்லாம் வேறு குற்றங்கள். தப்பான ஆளைப் போட்டுவிட்டால் அந்தக் குடும்பம் ஊரில் தலைநிமிர முடியாது. 2023 மே மாதம் கொழும்பில் பொலிஸ் காவலில் உயிரிழந்த பதுளைத் தோட்டப் பெண் மீது இருந்ததும் ஒரு திருட்டுப் பழிதான், வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகை காணவில்லை என்பது. மலையகத்துப் பெண் என்றால் சந்தேகப்படலாம் என்ற பழக்கத்துக்கு எங்கள் கடைகள் துணை போகக்கூடாது.

பசிக்கு எடுக்கிறவரும் இருக்கிறார். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்கு ஏறியது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒரு பாண், ஒரு பால் பக்கெட் எடுத்த தாயையும், ஐஸ் போதைக்காக வாரம் மூன்று கடையில் கைவைக்கிறவனையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். முதலாமவரைக் கிராம உத்தியோகத்தரிடமும் சமுர்த்தி, அஸ்வெசும நலன்புரி உதவித் திட்ட உத்தியோகத்தரிடமும் காட்டிவிடுங்கள். இரண்டாமவன் யாரிடம் விற்கிறான் என்று தேடுங்கள்.

விற்கிற இடம்தான் ஆணிவேர். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டக் கோவையின் 394ஆம் பிரிவில் குற்றம். வெறும் காஸ் சிலிண்டர், பித்தளைத் தண்ணீர்க் குழாய், தோட்டத்து இரும்பு, பழைய கைப்பேசி எல்லாம் எங்கே போகின்றன என்று ஊருக்கே தெரியும். பழைய இரும்புக் கடைகளும் கைப்பேசி திருத்தும் கடைகளும் விற்க வருகிறவரின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதவேண்டும் என்பதைச் சபைகள் வியாபார அனுமதிப்பத்திர நிபந்தனையாக்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை வீட்டில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் தொலைந்த கைப்பேசியைத் தேட வழியில்லை.

சபைத் தலைவர்களுக்கு இரண்டே விஷயம். எரியாத வீதிவிளக்கைப் பற்றி முறையிட்டால் ‘எந்தக் கம்பம்?’ என்று கேட்கிறீர்கள். கம்பங்களுக்குப் பெயின்டால் இலக்கம் போடுங்கள், நாங்கள் இலக்கம் சொல்கிறோம். தோட்டப் பாதைகளுக்கும் பிரதேச சபை செலவு செய்யலாம் என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் இருந்து லயத்துக்கு ஏறும் இருட்டுப் படிக்கட்டுகளில் இருந்து தொடங்குங்கள். டவுனில் தப்பிய சம்பளம் அங்கேதான் பறிபோகிறது.

படிவத்தின் மாதிரியை இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறோம். அச்சடிக்கும் செலவைக் கடைவீதி ஏற்கும். ஒவ்வொரு கடையிலும் ஐந்து பிரதி இருக்கும், எழுதத் தெரியாத வாடிக்கையாளருக்கு நாங்களே எழுதிக் கொடுப்போம். வருகிற 10ஆம் திகதி காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை, பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் ஒரு மேசை, ஒரு முத்திரை, தமிழ் எழுதத் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் தாருங்கள். மேசையும் கதிரையும் குடையும் நாங்கள் கொண்டுவந்து போடுகிறோம்.

இப்படிக்கு,
கடைவீதிச் சிறு வியாபாரிகள்